சவரியாரின் சூட்டுக் கணக்கு

"அந்தப் போனக் கீழ வைங்க சார், வேல ஓட மாட்டேங்குது" என்றார் சவரியார்.

ஒரு கையில் கேஸ் டார்ச். மறு கையில் குறடு. குறட்டின் நுனியில், சுட்டு முடித்த பித்தளைத் தோட்டாக் கூடு. பெரம்பலூர்ப் பக்கம் ஒரு ரைஃபிள் கிளப்பில் பதினாறு வருடமாக அவருக்கு இதுதான் வேலை. கூட்டில் மறுபடி மருந்து நிரப்பும் முன் அதன் கழுத்தைச் சூடு காட்டி இளக்க வேண்டும். சூடு குறைந்தால் கழுத்து விரிசல் விடும். கூடினால் கூடே துவண்டு குப்பைக்குப் போகும்.

செக்ரட்டரி மணிவண்ணன் போனை இறக்கவில்லை. "எத்தன செகண்டு காட்டுறீங்க?"

"கண்ணளவுதான் சார்."

"வாய்ல என்னமோ முணுமுணுக்குறீங்களே?"

சவரியார் சட்டென்று உதட்டை மூடிக்கொண்டார். மாதா கோயில் ஊரான வரதராஜன்பேட்டைக்காரர். கூட்டைத் தீயில் காட்டியதும் மாதாவுக்கான அருள் நிறை மந்திரத்தைத் தொடங்குவார்; பாதி ஜெபித்ததும் கூட்டைத் தண்ணீரில் போடுவார். அதுதான் கணக்கு. ஒன்றுகூடக் கெட்டதில்லை.

வெளியே வந்து, கூட்டிப் பெருக்கும் ஜெயசுதாவைப் பிடித்தார். "ஏம்மா, இந்தாளு எதுக்கு என்னயப் படம் புடிக்கிறாரு?"

"தெரியாதாண்ணே? சனிக்கெழம கூடு காய்ச்சுற மிஷின் வருதாம். கையா, மிஷினான்னு பாக்கப் போறாங்களாம்."

"பாத்துட்டு?"

"பாத்துட்டு லட்டா குடுப்பாங்க? உங்கள வூட்டுக்கு அனுப்பிருவாங்க."

மகளின் நர்சிங் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது.

மறுநாள் போனைக் கண்டதும், தன் கணக்கு வீடியோவில் சிக்கக் கூடாதென்று சவரியார் அதைவிட நீளமான பரலோக மந்திரத்துக்கு மாறினார், முழுசாக. கூடு செக்கச்செவேலென்று கனிந்தது.

"இவ்ளோ நேரமா?"

"இந்தப் பித்தள மொரடு சார்."

கெட்டுப்போன கூடுகளை டிபன் டப்பாவில் ஒளித்தார். கூடு குறைகிறதே என்று செக்ரட்டரி பக்கத்திலேயே நாற்காலி போட்டுவிட்டார். படம் விழாதிருக்க ஜன்னல்களைச் சாத்தினார் சவரியார்.

"இருட்டுலதான் சார் செவப்பு தெரியும்."

"அட ஆமா! வீடியோல இப்பதான் பளிச்சுன்னு விழுது!"

வேறு வழியில்லை. அன்றைக்கு ஒவ்வொரு கூட்டுக்கும் எல்லாவற்றிலும் நீளமான விசுவாசப் பிரமாணம், ஆமென் வரைக்கும்.

சனிக்கிழமை திருச்சியிலிருந்து மெக்கானிக் அறிவரசன் மிஷினோடு வந்தான். ஆளுக்குப் பத்துக் கூடு. சவரியார் உதடு அசையாமல் பழைய பாதி ஜெபத்தையே சொன்னார். பத்தும் பத்தரை மாற்று. மிஷின் காய்ச்சிய கூட்டை மணிவண்ணன் இரண்டு விரலால்தான் அழுத்தினார். தட்டையாகப் போனது.

"என்னங்க இது, அப்பளமா?"

சவரியார் மீசையைத் தடவிக்கொண்டார். "கட்டி எடுத்துட்டுப் போ தம்பி. கைக்கு ஈடாகுமா மிஷினு?"

அறிவரசன் பரிதாபமாகப் பார்த்தான்.

"நான் என்னண்ணே பண்ணட்டும்? உங்க வீடியோவப் பாத்து அதே செகண்டுதான் வச்சேன். கால்கடுக்க நிக்காம உக்காந்து பட்டன அமுக்கட்டும்னு சார் இத வாங்குனதே உங்களுக்குத்தானே!"