டிவியில் வெட்டிய நாற்பது நொடி

இருபத்து மூன்று வயதில் எனக்கிருந்த ஒரே பெருமை, ஒரு வாத்துக் கார்ட்டூனில் நாற்பது நொடி குறைகிறது என்று கண்டுபிடித்ததுதான்.

டிவியில் அது எப்போது வந்தாலும் நரி வாத்தை மரத்தடியில் மடக்கும். படம் ஒரு குதி குதிக்கும். அடுத்து நரி மயங்கிக் கிடக்கும். நடுவில் என்ன நடந்தது? (இந்தக் கவலையில் ஒரு செமஸ்டரே போனது.) கடைசியில் வாணியம்பாடியில் ஒரு பழைய கடையில் வெட்டாத டிவிடி சிக்கியது.

அப்போது ஜவ்வாது மலையில், புதூர்நாட்டில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர் நான். புகையிலை எதிர்ப்பு விழா வந்தது. மலைப்பாதையில் ஜீப் ஓட்டும் என் அப்பா, முப்பது வருடப் பீடியை விட்டு அன்றோடு பன்னிரண்டு நாள். வீட்டில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரிந்தோம். அவரை நானே மேடையேற்றி உறுதிமொழி எடுக்க வைத்து, முதல் வரிசையில் உட்கார வைத்தேன்.

அடுத்து பிள்ளைகளுக்குக் கார்ட்டூன். முன்கூட்டிப் போட்டுப் பார்க்கவில்லை. எல்லோரோடும் சேர்ந்துதான் பார்ப்பது என்று ஒரு விரதம். டிவி மறைத்ததை இன்று ஜவ்வாது மலை பார்க்கப்போகிறது என்று மைக்கில் வேறு முழங்கினேன்.

நரி மடக்கியது. வாத்து இறக்கைக்குள்ளிருந்து ஒரு சுருட்டை எடுத்தது. பற்ற வைத்து, கண்ணை மூடி, ஒரு இழுப்பு. புகை வளையம் வளையமாகப் போய் நரியின் கழுத்தில் மாலையாக விழுந்தது. நாற்பது நொடியும் இதுதான். அத்தனை ருசித்துப் புகைத்தவரை நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் ஒன்ஸ்மோர் கேட்டார்கள். பதறிப்போய் ரிமோட்டை அமுக்கினேன்; படம் நிற்கவில்லை, பின்னால் ஓடியது. ஒன்ஸ்மோரும் ஆயிற்று. தலைமையாசிரியை என்னைப் பார்த்த பார்வையை எந்த டிவியாக இருந்தாலும் வெட்டியிருக்கும்.

திரும்பினால் அப்பாவின் நாற்காலி காலி.

ஓடினேன். ஜீப்புக்குப் பின்னால், யாரிடமோ வாங்கிய பீடியோடு நின்றிருந்தார். பாதி தீர்ந்திருந்தது.

"இன்னாப்பா இது?"

"பன்னெண்டு நாளு நல்லாத்தாம்மா இருந்தேன்," என்றார் நிதானமாக. "அந்த வாத்து இழுத்துச்சு பாரு..."

மீதியைக் கீழே போட்டு மிதித்தார். மறுநாள் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தவர், மூன்று வருடமாகத் தொடவில்லை. அந்த வாத்திடமிருந்து எனக்குத்தான் விடுதலை இல்லை.

போன மாதம் செங்கத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அப்பாவுக்குப் பீடி, சிகரெட் பழக்கம் உண்டா என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். வாத்துக் கதையை முதலிலிருந்து சொல்ல நான் ஆர்வமாக வாயைத் திறந்தேன். சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது:

"டிவில வர்ற மாதிரி சொல்லுடி."