கடைசிப் பக்கம் காலமானார்

நூலகத்தின் பேஜுக்கு ஒரே ஒரு லைக் விழுந்திருந்தது. அதையும் போட்டது நூலகமேதான்.

"நம்ம போஸ்ட்டுக்கு நாமளே யாரு சார் லைக் போட்டது?" என்று கேட்டாள் கேட்லாக்கா.

"நான்தான். சும்மா தொட்டுப் பார்த்தேன், விழுந்துடுச்சு. எப்படி எடுக்கிறதுன்னு தெரியல. தனியா வேற இருந்துச்சா, பாவம், இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்" என்றார் சைலன்ஸ் சார்.

சைலன்ஸ் சார் அந்தக் கிளை நூலகத்தின் தலைவர். யாராவது லேசாக இருமினால்கூட "சைலன்ஸ்!" என்று அவர் போடுகிற சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிரும். அப்படி வந்த பெயர். கேட்லாக்கா என்பது கேட்லாக் அக்கா. வருகிற புத்தகங்களுக்கு எண் போட்டு, கேட்லாக்கில் ஏற்றி, அலமாரியில் அடுக்குவது அவள் வேலை. எல்லோரும் கூப்பிட்டுக் கூப்பிட்டு இரண்டு சொல்லும் ஒட்டிக்கொண்டுவிட்டன. மூன்றாவது ஆள், செய்தித்தாள் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் பேப்பர் அண்ணன். அவர் வாயிலிருந்து "ம்" என்று வந்தால் அன்றைக்கு அவருக்கு நல்ல நாள் என்று அர்த்தம்.

போன மாதம் இவர்கள் மூவரையும் தலைமை அலுவலகத்தில் உட்காரவைத்து, பேஜ் தொடங்குவது, படம் போடுவது, வீடியோவில் பேசுவது என்று வரிசையாகப் பாடம் நடத்தியிருந்தார்கள். நடத்திய அதிகாரிக்கு ஆன்லைன் மேடம் என்று பெயர் விழுந்திருந்தது. கடைசி நாளில் அந்த மேடம் சிரித்த முகத்தோடு ஒன்று சொன்னார்: "ஆன்லைன்ல ஆள் நடமாட்டமே இல்லாத கிளைகளைப் பெரிய நூலகத்தோட சேர்த்துடலாம்னு இருக்கோம்."

பெரிய நூலகம் என்றால் கேட்லாக்காவுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். சைலன்ஸ் சாருக்கு அதைவிடப் பெரிய கஷ்டம். அங்கே சைலன்ஸ் சொல்ல ஏற்கெனவே ஒருவர் இருந்தார்.

"அக்கா, அடுத்த வாரம் மேடம் நம்ம பேஜைப் பார்ப்பாங்க. நாலு வாசகர்கள் வந்து பேசிட்டுப் போன மாதிரி இருக்கணும். எப்படின்னு நான் கேட்கமாட்டேன்."

"பேசின மாதிரியா சார்? பேசியே இருக்கணுமா?"

"அதான் கேட்கமாட்டேன்னு சொல்லிட்டேனே!"

அன்று சாயங்காலம் சமையலறையில் நின்றபடியே கேட்லாக்கா ஒரு வாசகரைப் பெற்றெடுத்தாள். பேர் வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் முடிவைப் படித்துவிடுகிற கெட்ட பழக்கம் அவளுக்கு உண்டு. அதனால் 'கடைசிப் பக்கம்' என்று வைத்தாள். படத்துக்கு அவள் வீட்டுக்காரரே அகப்பட்டார். ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து, பேப்பரை மார்பில் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தவரைப் பின்னாலிருந்து ஒரு படம் எடுத்தாள். உச்சந்தலை வழுக்கையில் வெயில் பட்டு, அறிவே ஒளிவிடுவது மாதிரி இருந்தது.

நூலகத்தின் அலமாரிப் படத்துக்குக் கீழே கடைசிப் பக்கம் எழுதினார்: "நான் எந்தப் புத்தகத்தையும் முடிவிலிருந்துதான் தொடங்குவேன். முடிவு தெரியாத புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோவது, யாரென்றே தெரியாதவரை வீட்டில் தங்கவைப்பது மாதிரி."

கையைத் துடைத்துக்கொண்டு திரும்புவதற்குள் பதில் வந்துவிட்டது. எழுதியவர் பெயர் 'முன்னுரை'. படத்தில் ஒரு மூடிய கதவு.

"ஐயா, நீங்கள் செய்வது படிப்பு அல்ல, திருட்டு. முன்னுரையைப் படிக்காமல் புத்தகத்துக்குள் போகிறவர், கதவைத் தட்டாமல் வீட்டுக்குள் நுழைகிறவர்."

கேட்லாக்காவுக்குச் சுருக்கென்றது. நிஜ வாசகர் ஒருவர் வந்துவிட்டார் என்ற சந்தோஷம்கூடப் பிறகுதான் வந்தது.

"முன்னுரையை எழுதினவரே அதைத் திரும்பப் படித்ததில்லை ஐயா."

"கடைசிப் பக்கத்தை மட்டும் படிப்பவர், கல்யாண வீட்டில் செருப்பை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்."

சண்டை என்றால் கூட்டம் கூடும் அல்லவா? கூடியது. மருந்துக்கடை அம்மா கடைசிப் பக்கத்தின் கட்சி. பஸ் கண்டக்டர் ஒருவர் முன்னுரை கட்சி. முடிதிருத்தும் கடைக்காரர், ரெண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று எழுதி இரண்டு பக்கமும் திட்டு வாங்கினார். கொஞ்ச நாளில் ஆட்கள் நேரிலேயே வர ஆரம்பித்தார்கள். அலமாரிக்கு இந்தப் பக்கம் நின்று முடிவைப் புரட்டுபவர்களும், அந்தப் பக்கம் நின்று முன்னுரையைப் புரட்டுபவர்களும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள். சைலன்ஸ் சாருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஆனாலும் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

கேட்லாக்காவுக்கு முன்னுரை யாரென்று கண்டுபிடிக்காமல் தலை வெடித்துவிடும் போலிருந்தது. ஒருநாள் வீட்டுக்காரர் போனைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, முன்னுரை நீங்கதானா?"

"என்ன உரை?"

"போனைக் காட்டுங்க."

காட்டினார். ஒரு வீடியோவில் எவனோ குழாய் ரிப்பேர் பண்ணப் போய் வீடு முழுக்கத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த நாள் சைலன்ஸ் சார் குதித்துக்கொண்டு வந்தார். "அக்கா! மேடம் போன் பண்ணாங்க! கடைசிப் பக்கத்துக்குச் சிறந்த வாசகர் விருதாம்! நம்ம ஹால்லயே விழா! ஆளைக் கூட்டிட்டு வர்றது உங்க பொறுப்பு!"

கேட்லாக்காவின் கையிலிருந்த ரப்பர் ஸ்டாம்ப் நழுவி மேசையில் தலைகீழாக விழுந்தது.

"அவரு... வெளியூர் போயிருக்காராம் சார். பேஜ்ல எழுதியிருந்தாரே."

"அதனாலென்ன? வீடியோவில வரட்டும். அதுக்குத்தானே அவ்வளவு கத்துக்கிட்டோம்!"

அவள் ஓடிப்போய்க் கழிவறைக்குள் நின்று, கடைசிப் பக்கத்துக்கு உடம்பு சரியில்லை என்று எழுதிவிட்டு வந்தாள். வெளியே வருவதற்குள் நாற்பது பேர் விசாரித்திருந்தார்கள்.

"எந்த ஆஸ்பத்திரி?" என்றார் சைலன்ஸ் சார். "நான் வேன் பேசிட்டேன். எல்லாரும் போய் ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாம்."

"யாரும் பார்க்கக்கூடாதுன்னு சொல்லிட்டாங்களாம் சார்."

"அவ்வளவு சீரியஸா?"

"ஆமா" என்று சொன்ன பிறகுதான், சொல்லியிருக்கக்கூடாது என்று தெரிந்தது.

பேஜ் கொதித்தது. இரத்தம் கொடுக்க மூன்று பேர் கிளம்பினார்கள். மருந்துக்கடை அம்மா மருந்துச் சீட்டைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னார். ஒரு டாக்டர், விலாசம் கொடுத்தால் நானே வந்து பார்க்கிறேன், காசு வேண்டாம் என்றார். முன்னுரை மட்டும் ஒரே வரி எழுதியிருந்தார்: "சீக்கிரம் எழுந்து வாருங்கள். எனக்குத் திட்ட வேறு ஆள் இல்லை."

இனி வேறு வழி இல்லை. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தபோது கேட்லாக்கா அவரைக் கொன்றாள். "நான் அவருடைய தங்கை மகன். என் மாமா கடைசிப் பக்கம் இன்று காலை காலமானார். உறக்கத்திலேயே போய்விட்டார். வலி இல்லை."

'வலி இல்லை' என்பதைப் போடாமல் விட அவளுக்கு மனசு வரவில்லை.

வெகுநேரம் கழித்து முன்னுரையிடமிருந்து பதில் வந்தது. "உங்களோடு சண்டை போடுவதற்காகவே நான் இத்தனை நாளும் படித்தேன். நேற்று ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. உங்களிடம் சொல்வதற்குள் போய்விட்டீர்கள்."

கேட்லாக்கா விசும்பி விசும்பி அழுதாள். பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது. வீட்டுக்காரர் ஓடிவந்தார்.

"என்ன ஆச்சு? யாரு போயிட்டா?"

"உங்களுக்குத் தெரியாதவர்ங்க."

"சொந்தமா?"

"சொந்தம்தான்" என்று சொல்லி இன்னும் பலமாக அழுதாள்.

விருது விழாவுக்குப் பேசிவைத்திருந்த நாளிலேயே இரங்கல் கூட்டம் என்று முடிவாயிற்று. பேனரில் 'பாராட்டு' என்ற சொல்லின் மேல் வெள்ளைத்தாளை ஒட்டி 'இரங்கல்' என்று எழுதினார்கள். நூலகம் கட்டின நாளிலிருந்து அந்த ஹாலில் அப்படி ஒரு கூட்டம் கூடியதில்லை. பேப்பர் அண்ணன் மூச்சுவிடாமல் நாற்காலி சுமந்தார். மேடையில், ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிய அந்த உச்சந்தலைப் படம். அதைச் சுற்றிப் பூக்கள்.

துணைக்கு வந்திருந்த வீட்டுக்காரர் படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த மண்டையை எங்கேயோ பார்த்திருக்கேன்."

"நீங்க பார்த்திருக்கவே முடியாதுங்க" என்றாள் கேட்லாக்கா. அவள் அன்று சொன்ன முதல் உண்மை அது.

சைலன்ஸ் சார் மைக்கைப் பிடித்து மௌன அஞ்சலிக்குக் கேட்டுக்கொண்டார். எல்லோரும் எழுந்து மூச்சுக்கூட விடாமல் நின்றார்கள். இத்தனை வருட சர்வீஸில் ஒரு ஹால் முழுக்க அவர் பேச்சைக் கேட்டு வாயை மூடியது அதுதான் முதல் தடவை. அவர் கண் கலங்கிவிட்டது. இரண்டு நிமிடத்தை ஐந்து நிமிடமாக நீட்டினார்.

பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். மழையில் அவர் தனக்குக் குடை கொடுத்ததாக ஒருவர் சொன்னார். அந்த மூலை நாற்காலியில்தான் எப்போதும் உட்காருவார் என்று இன்னொருவர் கைகாட்ட, அதில் உட்கார்ந்திருந்தவர் பதறி எழுந்துகொண்டார். தன் பஸ்ஸில் அவர் டிக்கெட் வாங்காமல் இறங்கியதே இல்லை என்றார் கண்டக்டர். முடிதிருத்தும் கடைக்காரர் எழுந்து, "நான்தாங்க அவருக்கு முடி வெட்டுவேன். இந்தத் தலையை நான் மறப்பேனா?" என்றார். அந்த மேடையில் அதுவரை உண்மை பேசியவர் அவர் ஒருவர்தான். அப்புறம் முன்வரிசையில் கேட்லாக்காவின் வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவருக்குப் பேச்சே நின்றுவிட்டது. துக்கத்தில் தொண்டை அடைத்துவிட்டது என்று நினைத்து யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

கேட்லாக்காவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. வேலை போனாலும் போகட்டும், இரண்டு பஸ் மாறினாலும் மாறலாம் என்று எழுந்து போய் மைக்கைப் பிடித்தாள்.

"எல்லாரும் என்னை மன்னிச்சிடுங்க. அவர் இல்லைங்க. அப்படி ஒருத்தர் இல்லவே இல்லை!"

"ஐயோ பாவம், நம்ப முடியலதான்" என்று மருந்துக்கடை அம்மா மூக்கைச் சிந்தினார்.

"அப்படி இல்லைங்க! நான்தான்! கடைசிப் பக்கம் நான்தான்!"

சைலன்ஸ் சார் பாய்ந்து வந்து மைக்கை வாங்கினார். "எவ்வளவு அழகாச் சொல்லிட்டாங்க பாருங்க! அவர் எங்கேயும் போகலை. நம்ம ஒவ்வொருத்தருக்குள்ளேயும் இருக்கார்!"

"நானும் கடைசிப் பக்கம்தான்!" என்று கண்டக்டர் எழுந்தார். அவர் முன்னுரை கட்சி என்பது யாருக்கும் நினைவில் இல்லை.

"நானும்தான்!" என்று மருந்துக்கடை அம்மா எழுந்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஹால் மொத்தமும் எழுந்து நின்று கைதட்டியது. வீட்டுக்காரரும் எழுந்தார். எதற்கென்று அவருக்குத் தெரியாது.

ஆன்லைன் மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடைக்கு வந்தார். "இந்தக் கிளையை யாரும் எதோடயும் சேர்க்கப் போறதில்லை. இந்த ஹாலுக்குக் கடைசிப் பக்கம் வாசிப்பறைன்னு பேர் வைக்கிறோம்." கைதட்டல் அடங்கக் காத்திருந்தார். "அடுத்த வாரம் திறப்பு விழா. திறந்து வைக்கப் போறது அவரோட நண்பர் முன்னுரை. விலாசத்தை எப்படியாவது கண்டுபிடிச்சு நானே கார்ல போய்க் கூட்டிட்டு வர்றேன்!"

கூரை பிய்ந்துவிடும் போலக் கைதட்டினார்கள். கேட்லாக்கா தள்ளாடியபடி மேடையிலிருந்து இறங்கி, ஆள் இல்லாத கடைசி அலமாரிக்குப் பின்னால் போய்ச் சாய்ந்துகொண்டாள். உண்மையைச் சொல்லியும் ஒருத்தர்கூடக் காதில் வாங்கவில்லையே என்று இருந்தது அவளுக்கு.

யாரோ பக்கத்தில் வந்து நின்றார்கள். பேப்பர் அண்ணன். சட்டை வியர்வையில் தெப்பமாக நனைந்திருந்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவர் ஒரு முழுப் பேச்சுப் பேசினார்.

"அக்கா, உங்க ஆளை நீங்க எப்படிக் கொன்னீங்கன்னு கொஞ்சம் சொல்லிக்கொடுங்களேன். அடுத்த வாரத்துக்குள்ள நானும் என் ஆளை முடிச்சாகணும்."