நேயர் விருப்பம்: நாலு நிமிஷம் டிரம்ஸ்

ராக் இசையின் வரலாற்றை யாராவது ஒழுங்காக எழுத உட்கார்ந்தால் தாம்பரத்தில்தான் தொடங்க வேண்டும். லிவர்பூல் முதலிய சிற்றூர்களைப் பின்னிணைப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

1988-ல், கல்யாணமில்லாத ஆடி மாதமாகப் பார்த்து, 'பர்னிங் வீல்ஸ்' குழு உடைந்தது. பல்லாவரம் முதல் வண்டலூர் வரை அந்தக் குழு வாசிக்காத மண்டபம் கிடையாது. 'இசைக் கொள்கையில் வேறுபாடு' என்று கிட்டாரிஸ்ட் கிட்டு அறிவித்தார். வேறுபாடு இதுதான்: குரோம்பேட்டை ரிசப்ஷன் ஒன்றின் வீடியோவில் பாடகர் பத்ரிநாராயணன் நாற்பத்திரண்டு நிமிஷம் தெரிந்தார். கிட்டுவின் முழங்கை மட்டும் தெரிந்தது.

"ஒன்பது வருஷம், குப்பு! ஒரு கலைஞனுக்கு முழங்கைதானா?" என்று கிட்டு குமுறினார்.

குப்புராஜ் டிரம்மர். பகலில் லேத் பட்டறை. அதே ஒன்பது வருஷம் ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தவன். அவனுக்கு முழங்கை இருப்பதே பல பேருக்குத் தெரியாது. பத்ரி எவ்வளவோ சொல்லியும் அவன் கிட்டுவோடு கிளம்பியதற்கு ஒரே காரணம், கிட்டு கொடுத்த வாக்கு. புதிய குழுவின் முதல் மேடையில் நாலு நிமிஷம் டிரம்ஸ் மட்டும். வேறு வாத்தியம் கிடையாது. குப்புராஜ் இதை மனைவி பேபியிடம் சொன்னான். பேபி தெருவுக்குச் சொன்னாள்.

புதிய குழுவுக்கு 'பீப்பிள்ஸ் தண்டர்' என்று பெயர். "இதில் தலைவர் கிடையாது, எல்லோரும் சமம்" என்று அறையில் இருந்த ஒரே நாற்காலியில் அமர்ந்து கிட்டு சொன்னார். சமமானவர்கள் தரையிலிருந்து கேட்டுக்கொண்டார்கள். பேஸ் கிட்டாருக்கு கிட்டுவின் மச்சான் அரிகிருஷ்ணன் ஒருமனதாகத் தேர்வானார். ஆம்ப்ளிஃபயர் அவருடையது.

சினிமாப் பாட்டு வாசிப்பதில்லை என்பது முதல் தீர்மானம். எல்லாம் கிட்டுவின் சொந்தப் பாட்டுகள். ஆனால் கச்சேரி என்றால் கூட்டத்திலிருந்து துண்டுச் சீட்டு வரும், இந்தப் பாட்டைப் பாடு, அந்தப் பாட்டைப் பாடு என்று. அதை என்ன செய்வது?

"சீட்டை நாமே எழுதிடலாம்" என்றார் கிட்டு. "ஜனங்க கேக்கறதைக் கொடுக்கறவன் ஓட்டல் சர்வர். ஜனங்க என்ன கேக்கணும்னு முடிவு பண்றவன்தான் ஆர்ட்டிஸ்ட்."

குப்புராஜின் கையெழுத்து அவனுக்கே புரியாது. எனவே மக்களின் விருப்பம் பேபியின் கையெழுத்தில் தயாரானது. பன்னிரண்டு சீட்டு. முதல் சீட்டு: 'இரும்பு நிலா பாடலை மீண்டும் ஒரு முறை பாடவும். இப்படிக்கு, சேலையூர் ரசிகர்கள்.'

"இன்னாண்ணா இது, ஒரு தபாகூட பாடாத பாட்ட எப்டி மறுபடியும் பாடச் சொல்வாங்க?" என்றான் குப்புராஜ்.

"அதுதான்டா டிமாண்ட்."

"சரி. நம்ம டிரம்ஸு சீட்டு?"

"நாலாவது. நானே மைக்கில படிக்கிறேன்."

முதல் மேடை, சேலையூர் காலனி ஒன்றின் ஆண்டு விழா. மாலை ஆறு மணி. காலனிச் செயலாளர் ஸ்ரீநிவாசராகவன் வரவேற்புரையில் குடிநீர்க் குழாய் பற்றி இருபது நிமிஷம் பேசினார். மூன்றாவது வரிசையில் பேபி பட்டுப்புடவையில் இருந்தாள். இரும்புலியூரிலிருந்து எட்டுப் பேரைக் கூட்டி வந்திருந்தாள். வீடியோக்காரரை எங்கே நிறுத்துவது என்பதைக் கிட்டு நேரில் கவனித்துக்கொண்டார்.

மூன்று பாட்டு முடிந்தது. கைதட்டல் எட்டுப் பேருடையது. கிட்டு சட்டைப் பையிலிருந்து நாலாவது சீட்டை எடுத்தார். குப்புராஜ் உள்ளங்கை வேர்வையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான். கிட்டு சீட்டைப் பார்த்தார். பிறகு கேமராவின் சிவப்பு விளக்கைப் பார்த்தார்.

"நேயர் விருப்பம்! கிட்டு அவர்களின் கிட்டார் சோலோ, நாலு நிமிஷம்!"

பேபி எழுந்துவிட்டாள். "யோவ்! அது என் கையெழுத்துய்யா! டிரம்ஸுன்னு எழுதிகீறேன்!"

"உக்காருங்கம்மா, எல்லார் விருப்பமும் வரிசையா வரும்" என்றார் ஸ்ரீநிவாசராகவன், தண்ணீர் லாரிக்கு வரிசை நிறுத்துகிற குரலில்.

நாலு நிமிஷம் பதினோரு நிமிஷம் ஓடியது. கிட்டு முழங்காலிட்டார், அண்ணாந்தார், கண்ணை மூடினார். மூன்று இடத்தில் தாளம் தப்பினார். மூன்று முறையும் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒருவன் அவரைத் தாளத்துக்குள் பிடித்து நிறுத்தினான். மீதி எட்டுச் சீட்டும் முடிந்தன. டிரம்ஸ் வரவில்லை.

திரும்புகிற பஸ்ஸில் பேபி கேட்டாள். "நீ ஏன்யா வாசிக்கறத நிறுத்தல?"

"நிறுத்தினா அவுரு வுழுந்துடுவாரு."

"வுழட்டுமே."

கேம்ப் ரோடு முழுக்க குப்புராஜின் விரல்கள் முன்சீட்டுக் கம்பியில் அந்த நாலு நிமிஷத்தை வாசித்துக்கொண்டிருந்தன. கண்டக்டர் வந்து, "தலைவரே, கையை எடு" என்றார்.

அடுத்த ஞாயிறு கிட்டு வீட்டில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து, குழுவின் முதல் பொதுக்குழு கூடியது. காசெட் ஓடியது. குப்புராஜ் தரையில் உட்கார்ந்து கண் கொட்டாமல் தன்னைத் தேடினான். கிட்டுவின் இடது பக்கம். கிட்டுவின் வலது பக்கம். கிட்டுவின் விரல்கள். கிட்டுவின் புது ஷூ. ஆம்ப்ளிஃபயர் பெட்டி ஒரு தடவை வந்தது. பெட்டிக்குப் பின்னால் கேமரா போகவே இல்லை.

"பாரு குப்பு" என்று நாற்காலியிலிருந்து கிட்டு கண் கலங்கினார். "இதுதான்டா நம்ம குழு! அந்த பத்ரி மாதிரி ஆளுங்க ஒழிஞ்சாத்தான் இசைக்கு விடிவு!"

குப்புராஜ் எழுந்து செருப்பைத் தேடினான்.

உண்மைதான். பத்ரிநாராயணன் ஒரு பெரிய சுயநலக்காரர். அடுத்தவனின் முழங்கையை மட்டும் விட்டுவைப்பார்.