வெள்ளம் வந்தாச்சு

"இன்னைக்கும் ஒரு குடம் நெறயல்லன்னா, இந்தச் சவத்துப் பெட்டிய பழைய சாமான் எடுக்குற ஆக்கர் கடையில தூக்கிப் போட்டிருவேன். பாத்துக்கிடுங்க."

சுபிதா காலால் தள்ளிய அந்தப் பெட்டியில்தான் அவள் கணவன் முருகதாஸின் உயிர் இருந்தது. தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி சுமப்பவன் அவன். தோள் தோலுரிந்து வந்தாலும், போட்டில் கழித்துப்போட்ட வயர்லெஸ், செத்த டார்ச், பாடாத ரேடியோ என்று எதையாவது பொறுக்கிக்கொண்டு வந்து அதில் போடுவான். திறந்து உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்காமல் சோறு இறங்காது.

தண்ணீருக்கு அந்தப் பக்கம் வெள்ளம் என்றுதான் பேர். பஞ்சாயத்துக் குழாயில் அவர்கள் வீடு கடைசி. வெள்ளம் எப்போது வரும் என்று தெரியாமல், முந்திரிக்கொட்டை உடைக்கும் அண்டி ஆபீஸ் வேலையையும் விட்டு சுபிதா குழாயடியில் காவல் கிடந்தாள்.

போன வாரம் முருகதாஸ் குழாய்வாயில் இரண்டு கம்பிகளைக் கட்டி, நனைந்தால் கீச்சிடும் பஸ்ஸர் ஒன்றை வைத்தான். அன்று மூன்று குடம் நிறைந்தது.

"அடுக்களையில நின்னா கேக்கல்லியே," என்றாள் சுபிதா.

அங்கேதான் வினை பிடித்தது. பேசும் பொம்மையின் வயிற்றைக் கீறிப் போர்டை எடுத்து, அவள் குரலையே பதித்தான். "வெள்ளம் வந்தாச்சு! வெள்ளம் வந்தாச்சு!"

"எதுக்கு எஞ்சத்தம்?"

"இந்த ஊர்ல அதவிடப் பெருசு வேற இல்ல பிள்ளே."

மறுநாள் ஒரு குடத்தோடு குழாய் நின்றது. கம்பியில் துரு என்று நினைத்து அதை மாற்றினான். கையோடு கையாக, மீன்காரர் கழித்த ஹாரனையும் மாட்டினான். அரைக்குடம்.

சத்தம் கூடக்கூட வெள்ளம் குறைகிறதே! குழாயில் காதை வைத்துக் கேட்டான்.

"ஹாரனுக்குள்ள காந்தம் உண்டுல்லா? அது வெள்ளத்தப் பிடிச்சு வைக்குதோ என்னவோ!"

"ஒங்க மண்டையத்தான் பிடிச்சு வச்சிருக்கு."

காந்தத்தைத் தூரத்தில் வைத்துவிட்டால் தீர்ந்தது என்று, ஹாரனைத் தென்னை உச்சியில் கட்டினான். இன்று காலை சுபிதாவின் குரல் தெருவையே உலுக்கியது. குடத்தை வைத்தாள். ஒரு டம்ளர் விழுந்தது. பிறகு குழாய் காற்றைத்தான் துப்பியது.

சுபிதா பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். முருகதாஸ் பின்னால் ஓடினான். தெருமுனையில் வால்வு திறந்துவிடும் பகவதியப்பன், சாவிக்கம்பியை மடியில் போட்டுச் சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

"மக்கா, பெட்டிய எங்க கொண்டு போறிய?"

"ஆக்கர் கடைக்கு," என்றாள் சுபிதா.

"ஐயோ, வித்திராதீங்க! கடைசி வீட்டுக்கு வெள்ளம் கிட்டிச்சான்னு பாக்க முன்ன அங்கவரைக்கும் சைக்கிள் சவுட்டணும். இப்ப 'வந்தாச்சு'ன்னு இஞ்சயே கேக்குது. கேட்ட ஒடனே வால்வ அடச்சிருவேன்."