புரதங்களுக்குப் பொருத்தம் பார்த்த கதை

நான் விஞ்ஞானம் படித்தவள். இராகு காலத்தையெல்லாம் நம்புவதில்லை. (ஆனால் அந்த நேரத்தில் எதையும் தொடங்குவதுமில்லை. எதற்கு வம்பு?) என் மானம் போனது இந்த அடைப்புக்குறிக்குள் இருப்பவளால்தான்.

எங்கள் வீடு அம்பிட்டியவில். அப்பாவுக்குக் கண்டி டவுனில் துணிக்கடை வேலை, வீட்டில் ஜாதகம் பார்ப்பார். நான் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. என்னதான் செய்கிறாய் என்று அப்பா கேட்டபோது, "ரெண்டு புரதம் ஒண்ணோட ஒண்ணு சேருதான்னு பார்க்கிறேன்ப்பா" என்றேன்.

"அப்போ பொருத்தம் பார்க்கிறேன்னு சொல்லு."

அதோடு விடவில்லை. தை பிறப்பதற்குள் அவை சேர்ந்தால் நான் மேலே படிக்கலாம். சேராவிட்டால் கெலிஓயாக்காரர்கள் என்னைப் பெண் பார்க்க வருவார்கள் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். எனக்குப் படிக்கத்தான் ஆசை. ஆக, கண்ணுக்கே தெரியாத இரண்டு புரதங்களின் கையில் என் தலையெழுத்து.

இந்தப் பொருத்தம் பார்க்கும் கருவி என்.எம்.ஆர்., ஆளுயரக் காந்தம். முதல் புரதத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டு அதற்குள் இறக்கினால், கணினித் திரையில் புள்ளி புள்ளியாகத் தெரியும். இரண்டாவது புரதத்தைச் சேர்த்ததும் சில புள்ளிகள் இடம் மாறினால், இரண்டும் ஒட்டிக்கொண்டன என்று அர்த்தம். ஒரே நிபந்தனை, இரண்டையும் ஒரே உப்புக் கரைசலில் கரைக்க வேண்டும். கரைசலின் புளிப்பு கொஞ்சம் வேறுபட்டாலும் புள்ளிகள் தாமாகவே நகர்ந்துவிடும்.

வியாழக்கிழமை காலை முதல் புரதத்தைக் கரைத்தேன். இரண்டாவதை எடுக்கும்போது அப்பாவின் அழைப்பு. "ஒன்றரைக்கு இராகு காலம். இன்னைக்கு வேணாம்மா. நாளைக்கு ஒன்பதரைல இருந்து பத்தரைக்குள்ள நல்ல நேரம்."

"இதுக்கெல்லாம் நேரம் பார்க்க முடியாதுப்பா" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்ததைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டேன்.

மறுநாள், நல்ல காரியத்துக்கு நேற்றைய மிச்சம் எதற்கு என்று பழைய உப்புக் கரைசலைக் கொட்டினேன். இரண்டாவது புரதத்தைக் கரைக்கப் புதிதாக ஒன்று கலக்கினேன். அதன் புளிப்பை மீற்றரில் பார்க்க வேண்டும். அதற்குப் பத்து நிமிடம் போகும். மணி பத்து இருபத்தைந்து. விஞ்ஞானி என்ன செய்வாள்? மீற்றரை விட்டுவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தாள்.

இரண்டாவது புரதம் சேர்ந்ததும் திரையில் திருவிழா. சில புள்ளிகள் அல்ல, கிட்டத்தட்ட எல்லாமே இடம் மாறியிருந்தன! (அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.) வீட்டுக்குப் போன் போட்டேன். அம்மா கேசரி கிண்டித் தெரு முழுக்கக் கொடுத்தார். அப்பா கெலிஓயாவுக்கு, "மகள் மேல படிக்கிறா, மன்னிச்சுக்குங்க" என்று சொல்லியனுப்பினார்.

திங்கட்கிழமை துறையில் எல்லோர் முன்னாலும் படம் காட்டினேன். எங்கள் பேராசிரியை யாழ்ப்பாணத்துக்காரர், குரலை உயர்த்தவே மாட்டார்.

"பிள்ளை, ரெண்டாவது புரதம் இல்லாமல் வெறுங்கரைசலை மட்டும் விட்டுப் பார்த்தனீரோ?"

"இல்லை மேடம்."

"அப்ப வாரும், இப்பவே பார்ப்பம்."

எல்லோரும் காந்தத்தைச் சுற்றி நின்றார்கள். முதல் புரதத்தில், வெள்ளிக்கிழமை கலக்கியதில் மிச்சமிருந்த கரைசலை மட்டும் விட்டேன். அதே புள்ளிகள் அதே இடங்களுக்கு அழகாக நகர்ந்தன. மாப்பிள்ளை வரவேயில்லை, மணப்பெண் மட்டும் தலைகுனிந்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள். என் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அன்றைக்கு அழுதுகொண்டேதான் பஸ் ஏறினேன்.

அப்பா முழுவதையும் கேட்டார். நேரம் குறித்துக் கொடுத்தவர் என்ற குற்ற உணர்வோ என்னவோ, தை பிறந்த பிறகும் கெலிஓயா பக்கம் பேச்செடுக்கவில்லை. சரியாகச் செய்து பார்த்தபோது ஒரு புள்ளிகூட அசையவில்லை. இந்த இரண்டும் சேரா என்றே ஆய்வேடு எழுதினேன், பட்டமும் கிடைத்தது.

"பொருத்தம் இல்லைன்னு சொன்னாப் பட்டம் தர்றாங்களா? நான் முப்பது வருஷமாச் சும்மா சொல்லிட்டு இருக்கேனே!" என்றார் அப்பா.

அதிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதற்குக் குதித்தாலும் ஒரே கேள்விதான்: "வெறுங்கரைசல் ஊத்திப் பார்த்தியா?" தம்பி ஒரு வேலையைப் புகழ்ந்தாலும் சரி, தரகர் பத்துப் பொருத்தமும் இருக்கிறது என்றாலும் சரி.

மூன்று வருடம் கழித்து, நானே விரும்பிய ஒருவரை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அப்பா ஜாதகம் கேட்கவில்லை. வந்தவருக்குக் கதிரையைப் போட்டு உட்கார வைத்துவிட்டு, அம்மா தேநீர் போட்டுக்கொண்டிருந்த குசினிக்குள் என்னைக் கூப்பிட்டார்.

"வெறுங்கரைசல் ஊத்திப் பார்த்தியாம்மா?"

"ஒரு வருஷமாப் பார்த்துட்டேன்ப்பா. இவர் இல்லாம ஒரு புள்ளியும் நகரல."

அப்பா தலையாட்டினார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.