சந்தனப் பொட்டு வைத்த துப்பாக்கிகள்

மனித குல மேம்பாட்டுக்கு ஜேர்மனி அளித்த கொடைகளில் தலையாயது 'பன்மைத்துவ வாரம்' என்றே சொல்ல வேண்டும். காரும் மருந்தும் அதற்குப் பிறகுதான். அந்த ஒரு வாரத்தில் ஒரு நிறுவனம் தன் தொழிலாளர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்பதைத் திடீரென்று கண்டுபிடித்து, ஆனந்தப்பட்டு, படமும் எடுத்துக்கொள்ளும்.

வுப்பர்டாலுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு துப்பாக்கித் தொழிற்சாலை இந்த வருடம் கண்டுபிடித்தது கதிர்காமநாதனை. யாழ்ப்பாணத்தில் துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்த மனிதர் அங்கே துப்பாக்கிக் குழலைக் கடைச்சல் இயந்திரத்தில் பூட்டி, அதன் பின்வாயில் தோட்டா உட்காரும் அறையைக் குடைகிறார். அறை ஒரு மயிரிழை ஆழம் குறைந்தாலும் தோட்டா முழுதாக உள்ளே போகாது, பின்னால் அடைக்கும் பூட்டு மூடாது, துப்பாக்கி வெறும் தடி. அவ்வளவு பொறுப்பான உத்தியோகம்.

நிறுவனத்தின் 'பன்மைத்துவப் பொறுப்பாளர்' சிவசக்தி, ஜேர்மனியிலேயே, கெல்சென்கிர்ச்சனில் பிறந்து வளர்ந்த பிள்ளை. நவராத்திரி நேரம் அவள் இயந்திரத்தடிக்கே வந்துவிட்டாள்.

"அங்கிள், வெள்ளிக்கிழமை ஆயுத பூசை எல்லோ? உங்கடை மிசினுக்குப் பூசை செய்யுங்கோ. முதலாளி ஆசைப்படுறார்."

"சந்தனம் மிசினுக்குக் கூடாது பிள்ளை. காய்ஞ்சால் கல்லு."

"உங்கடை படம் முன்வாசலில ஆளுயரத்துக்கு வரும் அங்கிள்."

"எத்தினை பொட்டு வைக்க வேணும்?" என்று கேட்டார் கதிர்காமநாதன்.

வீட்டில் மனைவி மங்கையற்கரசிக்கு இந்த முற்போக்கு விளங்கவில்லை. "துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இப்ப துவக்குக்குப் பொட்டு வைக்கப் போறியளோ?"

"இது வேட்டைக்கும் விளையாட்டுக்கும்தானப்பா. குறி பாத்துச் சுடுற விளையாட்டு."

"அங்கையும் குறி பாத்துத்தான் சுட்டவங்கள்" என்று சொல்லிக்கொண்டே சந்தனத்தைக் குழைத்துக் கொடுத்தார்.

பூசை கோலாகலமாக நடந்தது. முதலாளி உட்பட மேலதிகாரிகள் அனைவரும் இரும்புத்தூள் கிடந்த தரையில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்றார்கள். அந்தக் காட்சியைக் காணச் சகிக்காமல் பாதுகாப்பு அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார். பக்தி என்று எல்லோரும் மெச்சினார்கள்.

என்ன வேண்டினீர்கள் என்று முதலாளி கேட்டார். "இந்தக் கருவியால் ஓர் உயிருக்கும் தீங்கு வரக்கூடாது என்று" என்றார் கதிர்காமநாதன் ஜேர்மன் மொழியில். கரவொலி எழுந்தது. "இதுவே எமது நிறுவனத்தின் 'உள்ளார்ந்த விழுமியம்'" என்று முதலாளி கண் கலங்கினார்.

பொட்டு இயந்திரம் முழுவதும் ஏறியது. குடையும் அலகு எவ்வளவு ஆழம் போகலாம் என்று தடுத்து நிறுத்துகிற வளையத்திலும் ஒரு பெரிய பொட்டு. குடைந்த ஆழத்தைச் சரிபார்க்கும் அளவுக்கட்டை பூவோடும் குங்குமத்தோடும் முன்வாசல் கண்ணாடிப் பெட்டிக்குள் 'பண்பாட்டுச் சின்னம்' ஆகிவிட்டது.

திங்கட்கிழமை கதிர்காமநாதன் அதைக் கேட்டு முன்வாசலில் நின்ற சிவசக்தியிடம் போனார்.

"பூசையோட துவங்கின வாரம், முடியும்வரை எடுக்க ஏலாது அங்கிள். பொட்டையும் அழிச்சுப் போடாதேங்கோ, படம் எடுக்கிறவர் திரும்ப வாறார்."

"அளக்காமல் எப்பிடிப் பிள்ளை?"

"உங்கடை அனுபவத்துக்கு அளவுக்கட்டை என்னத்துக்கு?"

பெட்டிக்கு மேலே ஆளுயரக் கதிர்காமநாதன் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே நின்ற கதிர்காமநாதனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "ஓம், அதுவும் சரிதான்" என்று போய், அந்த வாரத்துக் குழல்கள் அத்தனையையும் குடைந்து தள்ளினார். வளையம் தன் கடமையைச் சரியாகச் செய்தது. காய்ந்த பொட்டின் தடிப்பு அளவுக்கு முன்கூட்டியே செய்தது.

அரசாங்கச் சோதனைச் சாலையில் ஒரு துப்பாக்கியிலும் பூட்டு மூடவில்லை. பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன.

விசாரணைக் கூட்டத்தில் முதலாளி மேசையில் குத்தினார். "இந்தத் துப்பாக்கிகளால் யாரையும் ஒன்றும் செய்ய முடியாது! வேலைநீக்கத்துக்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்?"

இந்த வயதில் வேறு யார் வேலை தருவார்கள்? பயத்தில் கதிர்காமநாதனின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஐயா, அதைத்தானே பூசையன்று வேண்டினோம்? நீங்களும் கை தட்டினீர்களே."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடவேண்டுமே. முதலாளி சிவசக்தியைப் பார்த்தார். சிவசக்தி கைத்தொலைபேசியைப் பார்த்தாள்.

"வேண்டுதல் பன்மைத்துவ வாரத்துக்கு. துப்பாக்கி வாடிக்கையாளருக்கு" என்று முதலாளி விளக்கினார். "வெள்ளிக்குள் திருத்துங்கள். இல்லையென்றால் வீட்டுக்குப் போங்கள்."

கதிர்காமநாதன் சந்தனத்தைச் சுரண்டினார். கண்ணாடிப் பெட்டி திறக்கப்பட்டு, பண்பாட்டுச் சின்னம் மறுபடி அளவுக்கட்டையானது. ஒவ்வொரு குழலையும் திரும்பப் பூட்டி, ஒரு மயிரிழை கூடுதலாகக் குடைந்தார். இம்முறை எல்லாப் பூட்டும் மூடின, எல்லாத் துப்பாக்கியும் சோதனையில் தேறின. முதலாளி கையைப் பிடித்துக் குலுக்கினார். "இனி இவற்றை நம்பி யார் கையிலும் கொடுக்கலாம்!"

வீடு வந்து சேர்ந்தபோது வாசலிலேயே மங்கையற்கரசி நின்றார்.

"என்னப்பா, வேலை தப்பீட்டுதோ?"

"தப்பீட்டுது. இப்ப எல்லாம் நல்லாச் சுடுதாம்."

"ஆரை?"

இந்தக் கேள்விக்கு நிறுவனம் இன்னும் ஒரு பொறுப்பாளரை நியமிக்கவில்லை.