பாசிக்குடாவில் நான் ஊதிய விசில்

பாசிக்குடாக் கடற்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோற்றுப் பார்சலை அவிழ்த்து முதல் கவளத்தை உருட்டிக்கொண்டிருந்த அத்தனை சனத்தையும் எழுப்பி ஓடவைத்தவன் நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். "யாரோ ஒரு விசரன்" என்று அன்று கடற்கரை முழுக்கப் பேசப்பட்ட அந்த ஆள் யாரென்று ஊருக்குத் தெரியாது. வீட்டுக்குத் தெரியும். வீட்டுக்குத் தெரிந்ததுதான் பெரிய கரைச்சல்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. சண்டை முடிந்து ஒரு வருசம் கழிந்திருந்தது. கடல் வந்து ஐந்தரை வருசம். (எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வோம். சுனாமி என்பது படிவம் நிரப்புவதற்கான சொல்.) நாவலடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருந்த எங்கள் வீட்டில் அத்திவாரம் மட்டுந்தான் மிஞ்சியது. பிறகு திராய்மடுவில் கட்டிக்கொடுத்த வீட்டில் குடியிருந்தோம். அப்பா வாவியில் வலை வீசுகிறவர். அக்கா கல்யாணம் முடித்து வவுனியாவில் இருந்தாள். தங்கை வாசுகியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அவளுக்கு ஏழு வயது.

அவளின் கையைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா ஓடியிருக்கிறார். பிடி விட்டுப்போயிற்று. அன்று காலை நான் டவுனில் டியூசன் வகுப்பில் கணக்குச் செய்துகொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அம்மா கடற்கரைப் பக்கம் போகவில்லை. கடல் மீன் தின்பதில்லை. யாருடைய கையையும் பிடிப்பதுமில்லை. பக்கத்து வீட்டுச் சின்னதுகளைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாலும், "சீலைத் தலைப்பப் பிடிச்சிக்கு வா" என்பார். ஏன் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

இனி விசிலுக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் பயிற்சிப் பட்டறைகள் மழைக்காலத் தவளை மாதிரிப் பெருகியிருந்தன. மூன்று நாள் உட்கார்ந்தால் மத்தியானம் கோழிக்கறிச் சோறு, பின்னேரம் கிறீம் பிஸ்கட், முடிவில் ஒரு சான்றிதழ். நான் 'அனர்த்த முன்னெச்சரிக்கைத் தொண்டர்' ஆனேன். மஞ்சள் ரீசேட் ஒன்றும் செம்மஞ்சள் விசில் ஒன்றும் தந்தார்கள். அந்த விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போவேன். களுதாவளைப் பிள்ளையார் கோயில் திருவிழாவுக்கும் அதோடுதான் போனேன். (பிள்ளையார் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற பெட்டைகள் சொன்னார்கள்.)

பட்டறையில் சுவரில் ஒட்டியிருந்த பெரிய தாளில், கடல் பின்வாங்கினால் மற்றவர்களை எச்சரி, பிறகு ஓடு என்று எழுதியிருந்தது. உண்மையில் எங்கள் ஊரில் கடல் பின்வாங்கவேயில்லை. நேரே வந்தது. அதைக் கண்ணால் கண்ட அம்மாவும் அப்பாவும் வீட்டில் இருக்க, நான் தாளில் படித்ததை அவர்களுக்கே வகுப்பெடுத்தேன். அன்று அங்கே இல்லாமல் போனவனுக்கு அடுத்த முறை இருந்துவிட வேண்டும் என்ற ஆசை. இப்போது யோசித்தால் அது புரிகிறது. அப்போது நான் வெறுமனே பெரிய ஆள் வேசம் போடுகிறவனாகத்தான் தெரிந்திருப்பேன்.

ஆகஸ்ட் விடுமுறைக்கு அக்காவும் அத்தானும் தங்கள் வேனில் வந்தார்கள். பாதை திறந்துவிட்டது, எல்லோரும் பாசிக்குடா போகிறார்கள், நாமும் போவோம் என்றாள் அக்கா.

"நீங்க போயிட்டு வாங்க. நான் வரல்ல" என்றார் அம்மா. வாவி இறால் உடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

நான் பக்கத்தில் குந்தினேன். இரண்டு நாள் குந்தினேன். வேனை விட்டு இறங்க வேண்டாம், கடல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் விசிலைத் தூக்கிக் காட்டி, "நான் இருக்கன்தானேம்மா" என்றேன்.

அம்மா முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "நீ இருப்பியா மனே?"

"இருப்பன்."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அம்மா சீலை மாற்றிக்கொண்டு வேனில் ஏறினார்.

முன்பு சோதனைச் சாவடி இருந்த இடங்கள் வரும்போதெல்லாம் அத்தான் பழக்கதோசத்தில் வேகத்தைக் குறைத்து, பட்டப்பகலில் வேனுக்குள் லைட்டைப் போட்டார். ஏறாவூரில் நிறுத்திப் பெரிய வத்தகப்பழம் ஒன்று (தர்ப்பூசணிதான்) வாங்கினோம். அதை என் மடியில் வைத்துக்கொண்டேன். இந்தப் பழத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டார் மறக்கவில்லை.

பாசிக்குடாவில் அம்மா ஒரு மணித்தியாலம் வேனுக்குள்ளேயே இருந்தார். நாங்கள் கூப்பிடவில்லை. பிறகு தானாகவே இறங்கி வந்து, மரநிழலில் அப்பாவுக்குப் பக்கத்தில், கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் பக்கவாட்டாகத் திரும்பினார். நான் அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தேன். எல்லாம் என் கெட்டித்தனம் என்ற நினைப்பு.

அடுத்த நிழலில் ஏறாவூர்க் குடும்பம் ஒன்று பாய் விரித்திருந்தது. அவர்களின் மகள் ஹஸ்னா, ஐந்து வயதிருக்கும், வந்து அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா ஒரு முறுக்கை எடுத்து நீட்டினார். அவள் அதை வாங்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

சோறு பகிரத் தொடங்கினார்கள். நான் வத்தகப்பழத்தை ஈர மண்ணில் புதைத்துக் குளிரவைக்கலாம் என்று தூக்கிக்கொண்டு போனேன். காலையில் நாங்கள் கால் நனைத்த இடத்தில் தண்ணீரைக் காணவில்லை. இன்னும் நடந்தேன். வெறும் மண். அங்கால் கற்கள் தலை தூக்கிக்கொண்டு நின்றன. சுவரில் இருந்த தாள் என் கண்முன் வந்து நின்றது.

நான் ஊதினேன். உயிர் போகிற மாதிரி ஊதினேன். "கடல் வருகுது" என்று யாரோ பயங்கரமாகக் கத்தியது கேட்டது. அது நான்தான் என்று பிறகு சொன்னார்கள்.

அந்தச் சனத்தில் பாதிக்கு மேல் ஏற்கெனவே ஒருமுறை ஓடியவர்கள். அவர்களுக்கு இரண்டாம் தரம் சொல்லத் தேவையில்லை. நானும் ஓடினேன். நானும் என்று சொல்வது சரியில்லை, எல்லோருக்கும் முன்னால் ஓடினேன். வீதியோரத்தில் இடிந்துகிடந்த பழைய விடுதி ஒன்றின் படியில் ஏறி மேல்தட்டுக்குப் போன பிறகுதான் மூச்சு விட்டேன். அப்போதுதான் கவனித்தேன், கையில் வத்தகப்பழம் இருந்தது. அம்மா இருக்கவில்லை.

மேலே நின்று திரும்பிப் பார்த்தேன். கரை முழுக்கச் செருப்பும் சோறும் காகமும். அப்பா அதே நிழலில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார். அம்மா எழுந்து நின்றார். ஹஸ்னாவின் கையைப் பிடித்திருந்தார். முழங்கால் வருத்தக்காரியால் ஓட முடியாது. கடலைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார்.

கடல் ஒன்றும் செய்யவில்லை.

என்னைச் சுற்றி நின்றவர்கள், "தம்பி, எவ்வளவு தூரத்தில வருகுது?" என்று மரியாதையாகக் கேட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்து மரியாதை குறைந்தது. பத்தாவது நிமிடத்தில் நான் விசிலை ரீசேட்டுக்குள் ஒளித்துக்கொண்டு, பழத்தோடு கீழே இறங்கினேன்.

"வத்து மனே இது, தண்ணி வத்துற நேரம்" என்றார் அப்பா, கையைக் கழுவிக்கொண்டு. "பின்னேரம் பெருகும். வத்துக்கும் விசில் ஊதுவாங்களா?"

அதற்குள் ஹஸ்னாவின் உம்மா தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். பிள்ளை தகப்பனோடு ஓடிவிட்டாள் என்று அவள் நினைக்க, தாயோடு என்று தகப்பன் நினைத்திருக்கிறான். பிள்ளை முறுக்கின் கடைசித் துண்டைச் சப்பிக்கொண்டு நின்றாள். தாய் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. அம்மாவின் விரல்கள் அந்தச் சின்ன மணிக்கட்டில் பூட்டுப் போட்ட மாதிரி இறுகியிருந்தன.

"அம்மா, விடுங்கம்மா. அது அவங்கட புள்ள" என்றாள் அக்கா.

"விடமாட்டன்."

"ஒண்டும் வரல்ல அம்மா. இவன் சும்மா ஊதிட்டான்."

"இந்த முறை நான் விடமாட்டன்" என்றார் அம்மா. அக்கா மறுபக்கம் திரும்பி அழுதாள்.

யாரும் விளக்கம் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு எப்படியோ விளங்கிவிட்டது. மகளை இழுப்பதை நிறுத்தி, அம்மாவுக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள். "வெச்சிருங்க அக்கா. ஆறுதலா விடுங்க. எங்களுக்கு ஒரு அவசரமும் இல்ல" என்றாள்.

அம்மா வாய்விட்டு அழுதார். ஐந்தரை வருசத்தில் அப்படி அழுது நான் கண்டதில்லை. நான் பழத்தை அணைத்துக்கொண்டு நின்றேன். என் மீது எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது. கீழே வைக்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை.

ஹஸ்னாவுக்குத்தான் அலுத்துவிட்டது. "மாமி, தண்ணிக்குப் போவமா? இவ்வளவுதான் தண்ணி" என்று தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினாள். அம்மா முகத்தைத் துடைத்தார். கையை விடாமலே எழுந்தார். இரண்டு பேரும் அந்த ஈர மண்ணில் நெடுந்தூரம் நடந்துபோய், கடல் இருந்த இடத்தில் நின்றார்கள். அம்மாவின் சீலைக் கரை நனைவதை நாங்கள் நிழலில் இருந்தபடி பார்த்தோம். அப்பா சாரத்து நுனியால் கண்ணைத் துடைத்துவிட்டு, மண் விழுந்துவிட்டது என்றார்.

திரும்பி வந்து அம்மா என்னைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

"பழம் தப்பிட்டுது" என்றார்.

முதலில் சிரித்தது ஹஸ்னாவின் உம்மாதான். பிறகு எல்லோரும். அந்த வத்தகப்பழத்தை இரண்டு குடும்பமும் சேர்ந்து வெட்டித் தின்றோம். விசிலை அம்மா அங்கேயே கழற்றி எடுத்துக்கொண்டார். இப்போது அது குசினி ஆணியில் தொங்குகிறது. வாவியில் நிற்கும் அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடுவதற்கு.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாராவது ஏதாவது கெட்டித்தனம் பேசினால், "நான் இருக்கன்தானே" என்று மற்றவர்கள் சொல்வார்கள். என் கல்யாணத்தில் தாலி கட்டி முடிந்த கையோடு அத்தான் மணமகளிடம் போய், "தங்கச்சி, ஆபத்தெண்டா நீங்க பழத்தைப் பிடிச்சிக்கங்க, அதைத்தான் இவர் தூக்குவார்" என்றார். அவளுக்குக் கதை தெரியாது. அன்றிரவு முழுக்கச் சொல்ல வேண்டியதாயிற்று.

ஹஸ்னா வீட்டாரோடு போக்குவரத்து விட்டுப்போகவில்லை. ஆகஸ்ட் வந்தால் இரண்டு குடும்பமும் பாசிக்குடாதான். அம்மா இன்றைக்கும் கடல் மீன் தின்பதில்லை. ஆனால் தண்ணீரில் இறங்குவார், ஹஸ்னாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு.

போன வருசமும் அப்படித்தான் இறங்கினார்கள். ஹஸ்னா இப்போது கம்பசில் படிக்கிறாள், அம்மாவை விட ஒரு சாண் உயரம்.

"மாமி, கை நோகுது. எனக்குப் பத்தொன்பது வயசு. நான் ஓடமாட்டன்" என்றாள்.

"நீ ஓடமாட்டாய் புள்ள, எனக்குத் தெரியும்" என்றார் அம்மா, பிடியைத் தளர்த்தாமல். "ஓடுறவன் அங்க நிக்கிறான்."

நான் இரண்டு அடி தள்ளி, முழங்கால் தண்ணீரில், வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தேன்.